எங்கள் வீட்டுக் குதிகால்

எங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் ஐம்பதைத் தாண்டியதில்லை என்று அத்தை சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை தொனிக்கும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. எமன் எங்கள் வீட்டு ஆண்களுக்கு மட்டும் தனி மரியாதை கொடுத்து, வரிசையில் காக்க வைக்காமல் முன்னால் அழைத்துக்கொண்டதைப் போலச் சொல்வார். கல்யாண வீட்டிலும் சொல்வார், கருமாதி வீட்டிலும் சொல்வார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. நகரத்தில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். எண்பதை நெருங்கினாலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பார். எங்கள் ஆண்கள் ஏன் சீக்கிரம் போகிறார்கள் என்பதற்கு அவரிடம் தயாராக ஒரு காரணம் உண்டு. எப்போதோ யாரோ முருகனுக்கு நேர்ந்துகொண்ட கடனைத் தீர்க்காமல் விட்டுவிட்டார்களாம். அதனால் வீட்டு ஆண்கள் வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்க வேண்டுமாம். பெரியப்பா எடுத்தார், போய்விட்டார். சித்தப்பா எடுத்தார், போய்விட்டார். அப்பா எடுத்தார், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்த இடத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எடுத்தும் போய்விட்டார்களே என்று நான் ஒரு தடவை கேட்டேன். மனசு சுத்தமாக இருந்திருக்காது என்றார். செத்த தம்பிகளைக் கூட விட்டுவைக்காத அந்தப் பதிலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சின்ன அத்தையும் சிறு வயதிலேயே போனவர்தான். அப்பாவின் தங்கை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆனால் அத்தை சொல்லும் கணக்கில் அவர் வரமாட்டார். அவர் கவலையில் போனவராம். பெண்கள் கவலையில்தானே போவார்கள்.

மிச்சம் இருந்தவன் என் தம்பி. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறான். ஐம்பதை எட்ட இன்னும் சில வருஷங்கள்தான் இருந்தன. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவனைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எப்போது பொங்குமோ என்ற பார்வை. அவனுக்கும் அது தெரியும். அதனால் சத்தமாகச் சிரிப்பான், இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவனாகச் சாப்பிடுவான்.

எங்கள் வீட்டில் பரம்பரையாக வருவது இன்னொன்றும் உண்டு. குதிகாலுக்கு மேலே, கெண்டைக்காலோடு சேரும் அந்தத் தடித்த நரம்பு எங்களுக்கு இன்னும் தடியாக, முடிச்சு விழுந்த கயிறுபோல மேடாக இருக்கும். சப்பாத்து வாங்கினால் பின்பக்கம் உரசும். அப்பா வேலைக்குப் போடும் சப்பாத்தின் பின்பக்கத்தை மடித்து மிதித்துச் செருப்பாக்கிவிடுவார். அதற்காக மேலாளரிடம் திட்டும் வாங்குவார். உழைத்த கால் என்று அத்தை சொல்வார். தம்பிக்கு முப்பது வயதுவாக்கில் அந்த மேடு வந்தபோது அத்தைக்கு வாயெல்லாம் பல். "அப்பன் குதிகாலு வந்துருச்சு பாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். எனக்கும் வந்தது. ஆனால் சேலைக்கும் சுடிதாருக்கும் கீழே ஒரு பெண்ணின் குதிகாலை யார் பார்க்கப்போகிறார்கள்? நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பின்பட்டை இல்லாத செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டு என் வழியில் போனேன்.

நான் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன் அலுவலகத்துக்கே வந்து எல்லோருக்கும் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஒல்லி. கறி, மீன் வாசனையே எனக்கு ஆகாது. முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொட்டதில்லை. அதனால் முடிவு வந்த அன்று நான் கவலைப்படவே இல்லை. பக்கத்து மேசைக்காரருக்குத்தான் கவலை. தினமும் காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், மத்தியானம் பொரித்த கோழி, நடுவில் இரண்டு குவளை தே தாரேக் டீ என்று வாழ்கிறவர். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் கெட்ட கொழுப்பு, எங்கள் நாட்டு அளவில் மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில், எட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஒளிச்சு வெச்சு ஆட்டுக்கறி சாப்பிடுறீங்களா க்கா? சொல்லுங்கலா, நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்" என்றார் அந்த நாசி லெமாக்காரர். அலுவலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடாத கறிக்குத் தண்டனை வாங்குவது என்ன நியாயம்? வீட்டிலும் இதே கதைதான். நெய்யைக் குறை, தேங்காய்ப்பாலைக் குறை, ஓட்ஸ் குடி, பூண்டை விழுங்கு. எல்லோருக்கும் என் தட்டில் ஒரு கை இருந்தது. ஒரு மாதம் ஆத்திரத்தோடு ஓட்ஸ் குடித்தேன். பிறகு அரசாங்கக் கிளினிக்கில் மறுபடி இரத்தம் கொடுத்தேன். எட்டு என்பது ஏழரை ஆனது. அவ்வளவுதான்.

அங்கே இருந்த டாக்டர் தமிழ்ப்பெண். என் மகள் வயதுதான் இருக்கும். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடும்பத்தில் யாராவது நெஞ்சுவலியில் போயிருக்கிறார்களா என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"ஆன்டி, செருப்பக் கழட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

குனிந்து என் குதிகால் நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது எப்ப இருந்து இருக்கு?"

"அது எங்க வீட்டுக் குதிகால் டாக்டர். எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. வேலை செஞ்ச கால்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இரத்தத்தில் வரும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல்தான் பிடித்து இழுத்து வெளியேற்ற வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடி பாதிதான் வேலை செய்யும். நிறைய பேருக்குச் சாப்பாட்டில் கவனமாக இருந்தாலே நல்ல பலன் கிடைக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது உதவும், ஆனால் போதாது, மாத்திரை வேண்டும். வெளியேறாத கொழுப்பு பிறந்த நாளிலிருந்து உடம்பில் படிந்துகொண்டே வரும். "உங்களுக்குக் குதிகால்ல தெரியுது ஆன்டி. நெஞ்சுல தெரியாது. அங்கயும் இதேதான் நடக்குது." அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரலாம், ஆண் பெண் என்று பார்க்காது, கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்தே ஆகவேண்டும் என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேலை முடிந்து வந்த அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுவது சின்ன வயதில் என் வேலை. அந்த மேடு என் விரலுக்கு நன்றாகத் தெரியும். அப்பாவைக் கொண்டுபோனது என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு சாபமும் இல்லை, தீராத கடனும் இல்லை. அப்பாவின் மனசும் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு மாத்திரை இருந்திருந்தால் அவர் என் கல்யாணத்துக்கு வந்திருப்பார்.

டாக்டர் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, இருதயச் சோதனைக்கும் அனுப்பினார். டிரெட்மில் பட்டையில் மூச்சிரைக்க நடந்து தேறினேன். மகளுக்கும் பார்த்தோம், அவளுக்கு இல்லை. இனித் தம்பி.

ஆட்டு சூப் கடையில் அவனைப் பிடித்தேன். நான் சொன்னதை எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டான், சூப்புக் கிண்ணத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. "டெஸ்ட் எடுத்தாத்தான் க்கா வியாதி. எடுக்கலன்னா ஒண்ணும் இல்ல" என்றான். லோரி சக்கரத்தில் காற்று குறைந்திருக்கிறதா என்று மட்டும் தினமும் தட்டிப் பார்க்கிறாயே என்று கேட்டேன். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு நானே இழுத்துப்போனேன். அவனுக்கு ஏழுக்கு மேல். அதே டாக்டர், அதே குதிகால், அதே மாத்திரை. எனக்குப் பயந்து போடத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்துப் புரட்டாசி வந்தது. இங்கே புரட்டாசி வந்தால் எங்கள் ஆட்களின் கோலமே மாறிவிடும். பதினோரு மாதம் ஆட்டையும் கோழியையும் ஓட ஓட விரட்டியவர்கள் கூட அந்த ஒரு மாதம் சைவத்துக்கு வந்துவிடுவார்கள். குடிப்பவர்கள் குடிக்க மாட்டார்கள். தம்பியும் விரதம் இருந்தான். சாயங்காலம் திடலில் நடக்கவும் செய்தான். மாதம் முடிந்ததும் இரத்தம் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது.

அந்தத் தாளைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். அத்தையிடமிருந்து குரல் செய்தி வந்தது. "பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு. சைவம் சாப்பிட்டா எல்லாக் கொழுப்பும் கரைஞ்சிரும்னு நான் அப்பவே சொல்லல?" கை கூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மாத்திரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போனபோது ஆட்டுக்கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"மாத்திரை போடுறியா?"

"அதான் பாதியா இறங்கிருச்சே க்கா. நிறுத்திட்டேன்."

"மாத்திரையாலதான் இறங்குச்சு."

"விரதத்தாலக்கா."

"நான் பொறந்ததுல இருந்து புரட்டாசி மாதிரிதான் சாப்பிடுறேன். எனக்கு ஏன் எட்டு இருந்துச்சு?"

"உனக்கு நம்பிக்கை பத்தல" என்றான்.

நான் அன்றைக்கு அங்கே சாப்பிடவில்லை. முறுக்கைக் கூட எடுக்காமல் வந்துவிட்டேன். படித்தவன், நெடுஞ்சாலையில் அத்தனை டன் எடையை ஓட்டுகிறவன், இரண்டு காரியத்தை ஒரே மாதத்தில் செய்துவிட்டுப் புகழை மட்டும் ஒன்றுக்கே கொடுக்கிறான். அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அவன் சாகத் தயாராக இருந்தான். அத்தையின் பேச்சை நம்பி, தன் முறை வருமென்று சின்ன வயதிலிருந்தே காத்திருந்தவன்போல இருந்தான். அதற்கு நான் விடுவதாக இல்லை.

எத்தனை தடவை கூப்பிட்டுச் சொல்லியும் அவன் மாத்திரையைத் தொடவில்லை. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தைப்பூசத்துக்கு முன் காவடி எடுப்பவர்கள் சுத்த சைவமாக விரதம் இருப்பார்கள். தம்பியும் இருக்கப்போகிறான். அதே சாப்பாடு, அதே நடை, அதே பக்தி. மாத்திரை மட்டும் இல்லை.

"விரதம் முடியிற வாரம் என்கூட வந்து ஒரு டெஸ்ட் எடு" என்றேன். "இறங்கியிருந்தா இந்த ஜென்மத்துல உன்கிட்ட மாத்திரைன்னு வாய் தொறக்க மாட்டேன். இறங்கலன்னா நீ சாகுற வரைக்கும் போடணும். அதுவும் அத்தைக்கு முன்னால."

"சரி, டீல்" என்றான். அவனுக்கு ஜெயிப்போம் என்று அவ்வளவு நம்பிக்கை.

டாக்டரிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "இந்த விளையாட்டெல்லாம் வேணாம் ஆன்டி, இன்னிக்கே போடச் சொல்லுங்க" என்றார். அவனிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள் என்று போனைப் போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்னார். அவன் சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்றான். போடவில்லை.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம் முடிவு வந்தது. பழையபடி ஏழு. தம்பி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயர் மாறியிருக்குமோ என்று அடையாள அட்டை எண்ணையும் சரிபார்த்தான். ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

டாக்டர் அவனிடம் நேராகக் கேட்டார். "போன வருஷம் பத்துமலை படி ஏறும்போது எப்படி இருந்துச்சு அங்கிள்?"

"நடுவுல நின்னேன் டாக்டர். நெஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. காவடி பாரம்னு நெனச்சேன்."

யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷம் வைத்திருந்திருக்கிறான். டாக்டர் உடனே நெஞ்சுத்துடிப்பைப் படம் எடுத்தார். மருத்துவமனைக்குப் போன் செய்து பேசினார். முழுச் சோதனைக்குத் தைப்பூசம் முடிந்த பிறகுதான் நாள் கிடைத்தது. அதுவரை மாத்திரை ஒரு நாள் தவறக்கூடாது, நெஞ்சு அடைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும், பாரம் தூக்கக்கூடாது, பத்துமலைப் படியில் கால் வைக்கவே கூடாது என்றார்.

வெளியே வந்ததும் தம்பி சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். "காவடி எடுக்கலன்னா அத்தை என்ன சொல்லும்?"

நெஞ்சு அடைக்கிறது என்று தெரிந்த பிறகும் அவனுக்குப் பயம் அத்தையிடம்தான். நான் காரைப் பிரிக்பீல்ட்ஸுக்கு விட்டேன்.

அத்தை கேட்டு முடித்ததும் இடிந்து உட்கார்ந்தார். "நேந்துக்கிட்டத விட்டா இந்த வருஷமே போயிருவான்" என்றார்.

"எடுத்தாத்தான் போவான் அத்தை. படியிலேயே போவான்."

"கடனத் தீக்காம விடச் சொல்றியா?"

"கடன் நம்ம குடும்பத்துக்கா, ஆம்பளைங்களுக்கு மட்டுமா?"

"குடும்பத்துக்குத்தான்."

"அப்ப நான் எடுக்கிறேன் பால்குடம். எனக்கு நெஞ்சு டெஸ்ட் பண்ணியாச்சு, டாக்டர் போகலாம்னு சொல்லிட்டாங்க."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எடுத்தா அவங்க கணக்குல சேருமா?"

"முருகன்கிட்ட நானே கேட்டுக்கிறேன்" என்றேன். "நம்ம வீட்டு ஆம்பளைங்களைக் கொல்றவர்னு இத்தனை வருஷமா அவர் மேல பழி போட்டோம். அதுக்கும் சேத்து நான் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன். எங்க அப்பாவோட மனசு சுத்தமாத்தான் அத்தை இருந்துச்சு. எனக்கும்கூட அதே வியாதிதான் இருக்கு."

"உனக்கென்ன, நீ பொம்பள. அது ஆம்பளைங்களுக்கு வர்றது" என்று அத்தை முணுமுணுத்தார். அதைத் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. தம்பி டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து, ஒப்புக்கொண்டபடியே அத்தைக்கு முன்னால் நின்று மாத்திரையை விழுங்கினான்.

தைப்பூசத்தன்று காலை பத்துமலை ஆற்றங்கரையில் எங்கும் மஞ்சள் சேலைகள். ஒரு பக்கம் உறுமி, ஒரு பக்கம் யாரோ மருள் வந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றேன். தம்பி என் செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். காவடி இல்லாமல் அவன் அங்கே நிற்பது அதுதான் முதல் தடவை. அத்தை என்னோடு பேசவில்லை. ஆனால் வந்திருந்தார், சொம்பும் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டில் காவடி கிளம்பும்போது காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது அவர் வேலை. பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் அவர்தான் ஊற்றினார்.

பால்குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். அத்தை மெதுவாகக் குனிந்தார். நான் ஒரு கையால் குடத்தை அணைத்துக்கொண்டு, மறு கையால் சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் விழுந்தது. பாதத்தைத் தேய்த்த கை வழக்கம்போலப் பின்பக்கம் போனது. அங்கே நின்றுவிட்டது. விரல்கள் அந்த மேட்டின்மேல் ஒரு தடவை ஏறி இறங்கின. பிறகு அடுத்த காலையும் தொட்டுப் பார்த்தன.

"உனக்குமா?" என்றார்.

"சொல்லிக்கிட்டேதானே அத்தை இருக்கேன்."

அத்தை எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார். "சின்னவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வலிக்குதுன்னு சொல்லுவா. நான்தான் எண்ணெய் போட்டு நீவி விடுவேன்." என் காலிலிருந்து கையை எடுக்காமலே, "அவள நான் கணக்குல சேக்கவே இல்லையே" என்றார்.

அவருக்குச் சொல்ல நான் எத்தனையோ வருஷமாக வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன். "இனிமே யாரையும் சேக்க வேணாம் அத்தை. ஊத்துங்க, வெயில் ஏறுது" என்றேன்.

மிச்சத் தண்ணீரையும் என் இரண்டு குதிகாலிலும் ஊற்றினார். என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதலில் தம்பியைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டியாடா?"

"போட்டேன் அத்தை."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ?" என்றார்.

அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. போட்டேன் என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தேன்.